இளவரசி கஞ்சியைத் திருப்பி அனுப்பினாள்

மூன்றாம் மாதம், இரண்டாம் நாள்

அவர் விடியற்காலையில் போய்விட்டார். ஒன்பது நாள் காய்ச்சல். அவருக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பத்தொன்பது.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

மூன்றாம் நாள்

கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். முரட்டுச் சணல் துணி உடுத்தி, இடுப்பில் வைக்கோல் கயிறு கட்டியிருக்கிறேன். கழுத்தெல்லாம் அரிப்பு. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று அழுவதற்கு நேரம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வருவதில்லை. சும்மா இருக்கும்போது, வாசலில் கிடக்கும் அவருடைய செருப்பைப் பார்த்தால் வந்துவிடுகிறது.

என் கணவர் யூன் சங்ஹொவும் நானும் ஒன்றும் அன்றில் பறவைகள் இல்லை. இந்த ஜோசொன் நாட்டில் அரசர் வீட்டு மாப்பிள்ளை உத்தியோகம் பார்க்கக் கூடாது, அரசுத் தேர்வு எழுதக் கூடாது. ஊரிலேயே கெட்டிக்கார மாணவராக இருந்தவர் பதினாறு வயதில் என்னைக் கட்டிக்கொண்டு புத்தகத்தை மூடி வைத்தார். கோபம் வந்தால், "உங்க அப்பா எனக்கு ஒரு பொண்ணைக் கொடுத்து என் கையை வெட்டிட்டார்" என்பார். நானும் சும்மா இருக்கமாட்டேன். "நான் மட்டும் உங்களைக் கேட்டா வாங்கினேன்?" என்பேன். இப்போது சண்டை போடக்கூட ஆள் இல்லை. வயிறு எரிகிறது.

பசியாலும்தான். இழவு வீட்டில் மூன்று நாள் யாரும் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. நாலாம் நாள் கஞ்சி கொடுப்பார்கள்.

இதைப் பெண்கள் எழுத்தில்தான் எழுதுகிறேன். இந்த வீட்டு ஆண்களுக்குச் சீன எழுத்துதான் எழுத்து. இது கண்ணில் பட்டாலும் ஏதோ ஊறுகாய்ப் பக்குவம் என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

ஐந்தாம் நாள்

காலையில் கஞ்சி வந்தது. பைன் கொட்டை அரைத்துவிட்ட கஞ்சி. ஆவி பறந்துகொண்டிருந்தது, நாக்கில் எச்சில் ஊறியது. கரண்டியைக் கையில் எடுத்தேன். அப்போது காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் யூன் வீட்டு வேலைக்காரிகள் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"பாரேன், சட்டியையே காலி பண்ணப் போறாங்க. அரண்மனையில வளர்ந்த உடம்பு, பசி தாங்குமா?"

"புருஷன் போன துக்கமெல்லாம் மூணு நாளைக்குத்தான்டி. நாலாம் நாள் வயிறு ஜெயிச்சிடும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கரண்டியைக் கீழே வைத்தேன். "வேண்டாம், எடுத்துட்டுப் போ" என்றேன். அந்த இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

சாயங்காலம் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு வேளைக் கஞ்சியால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

அன்றே, விளக்கு வைத்த பிறகு

கஞ்சி வரவில்லை. என் பணிப்பெண் ஒக்சிமை அனுப்பிக் கேட்கலாம். ஆனால் வேண்டாம் என்று கத்தியவள் நான்தானே. வெட்கமாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள்

காலையில் அத்தை வந்தார். என் மாமியார். உள்ளே வந்ததும் வராததுமாக நெற்றி தரையில் படும்படி விழுந்து கும்பிட்டார். பதறிப்போய் எழுந்தேன், தலை சுற்றியது.

"என் பிள்ளை கொடுத்து வெச்சவன்" என்று அழுதார். "அவனைத் தனியா அனுப்ப மாட்டீங்கன்னு எனக்கு மனசுல பட்டுச்சு. கஞ்சியைத் தொடலைன்னு கேட்டதும் உங்க மாமனார்கிட்ட ஓடினேன். அவர் நேத்தே அரண்மனைக்கு எழுதிட்டார்."

"என்னன்னு எழுதினார்?"

"இளவரசி கஞ்சியைத் திருப்பி அனுப்பிட்டாங்க, புருஷன் பின்னாலேயே போறதுன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு."

கணவன் இறந்த பிறகு சோற்றைத் தொடாமல் உயிரை விடுகிற பெண்ணுக்கு அரசர் சிவப்பு வாசல் கொடுப்பார். வீட்டின் முன்னால் சிவப்புச் சாயம் பூசிய மர வாசல். அது ஏழு தலைமுறைக்கு நிற்கும். அந்தத் தெருவில் போகிறவர்கள் குதிரையிலிருந்து இறங்கி நடப்பார்கள். அப்படிப் போன பெண்களின் கதைகளைப் படித்துத்தான் நாங்கள் எல்லோரும் எழுத்துக் கற்றுக்கொண்டோம். எனக்கு அந்தக் கதைகள் பிடித்ததே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மகன் படிப்பைக் கெடுத்த மருமகளாகத்தான் பார்த்திருக்கிறார். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஏழாம் நாள்

ஒக்சிம் என்னோடு அரண்மனையிலிருந்து வந்தவள். என் வயதுதான், வாய் மட்டும் பத்துப் பேருக்குச் சமம். ஒரு பிடி பைன் கொட்டையைச் சட்டைக் கையில் ஒளித்துக் கொண்டுவந்தாள், கிண்ணத்தில் தேன் தண்ணீரும். தண்ணீர் மாதிரியே இருந்ததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நான் மென்று முடிக்கும்வரை திட்டினாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? கதவைத் திறந்து சோறு போடுன்னு சொல்றதுக்கு என்ன கேடு?"

"ரெண்டே நாள்ல வயித்துக்குத் தோத்துட்டா அரசர் மகள்னு ஊரே பேசும். ஏற்கெனவே அண்ணன் பேர் நாறிக் கிடக்கு."

அண்ணன் பட்டத்து இளவரசர். போன மாதம், பெரிய மகாராணி இறந்து துக்கம் முடியும் முன்பே, பாட்டுக்காரிகளை வைத்துக்கொண்டு குடித்தது வெளியே தெரிந்துவிட்டது. பட்டத்தைப் பறிக்க வேண்டும் என்று படித்த பெரிய மனிதர்கள் முந்நூறு பேர் அரண்மனை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா அவர்களைத் தாண்டித்தான் போக வர வேண்டியிருக்கிறதாம்.

"அவர் பேரு நாறினா அவர் கழுவட்டும்" என்றாள் ஒக்சிம். "உங்களுக்கு ஏன் வேகுது?"

எட்டாம் நாள்

யூன் வம்சத்துப் பெண்கள் இரண்டு பேர் என் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். துணைக்காம். எனக்கு விக்கல் எடுத்தால்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒக்சிமைத் துணி துவைக்கும் முற்றத்துக்கு மாற்றிவிட்டார்கள். சணல் துணிகள் மலைபோல் குவிந்திருக்கின்றனவாம், ஆள் போதவில்லையாம்.

பகல் முழுவதும் பார்க்க வருகிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு அம்மாள் கல்யாணமாகாத மகளைக் கூட்டிவந்து, "நல்லாப் பார்த்துக்கோ" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பத்து வயதுகூட இருக்காது. பயந்துபோய் என்னைப் பார்த்தது. நான் கண்ணைச் சிமிட்டினேன். அது இன்னும் பயந்துவிட்டது.

ஒன்பதாம் நாள்

முற்றத்தில் மரம் இழைக்கும் சத்தம். சாயம் காய்ச்சும் வாடை. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்தாம் நாள்

உட்கார்ந்தால் கண் இருட்டுகிறது. உதடு வெடித்துவிட்டது. எந்த வீட்டில் அடுப்பு எரிந்தாலும் எனக்கு மூக்கில் தெரிகிறது. இன்று பக்கத்து வீட்டில் கோழி வேகவைத்தார்கள். பூண்டு தாராளமாகப் போட்டிருந்தார்கள்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். இங்கிருந்து போகிற கடிதத்தை மாமனார் படித்துப் பார்த்துத்தான் முத்திரை வைக்கிறார், அரண்மனையிலும் நாலு பேர் முன்னால் வாசிப்பார்கள். ஆகவே எதை எழுத வேண்டுமோ அதை எழுத முடியாது. "ஒரு முறை தங்களைக் கண்ணால் பார்த்தால் போதும்" என்று மட்டும் எழுதினேன். மாமனார் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி ஆசை என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

அப்பா வந்தால் போதும். அவர் சாப்பிடச் சொன்னால் அது அரச கட்டளை. அரச கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சாப்பிட்டால் எந்த நாக்கும் என்னைப் பற்றிப் பேச முடியாது.

பதினொன்றாம் நாள்

வருகிறார்! பதின்மூன்றாம் நாள் காலை, நேரில்! மாமனார் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்கிறார்.

எனக்கு இன்று பசிகூடத் தெரியவில்லை. எப்படி நடக்கும் என்று மனதுக்குள் பலமுறை நடத்திப் பார்த்துவிட்டேன். அரசர் எதைக் கொடுத்தாலும் முதல் முறை மறுக்க வேண்டும். இரண்டாம் முறையும் மறுக்க வேண்டும். மூன்றாம் முறைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். உடனே கையை நீட்டுகிறவள் நாகரிகம் தெரியாதவள். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். தெற்குத் தீவிலிருந்து ஆரஞ்சு வரும்போது எங்களை வரிசையாக நிற்கவைப்பார். "எடுத்துக்கோ" என்பார். வேண்டாம் என்போம். மறுபடி சொல்வார். வேண்டாம் என்போம். பிறகு வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்களுக்கு அழுகை வந்துவிடும். அதன் பிறகுதான் மூன்றாவது முறை சொல்வார். எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்லிவிடுவார்.

ஆகவே இரண்டு முறை மறுக்க வேண்டும், மூன்றாம் முறை சாப்பிடலாம். கஞ்சிதான் நல்லது, எடுத்ததும் சோறு என்றால் வயிறு தாங்காது.

பதின்மூன்றாம் நாள்

வந்தார். அமைச்சர்கள் வந்தார்கள், குறிப்பு எழுதுகிறவர் தூரிகையோடு வந்தார், மாமனாரின் உறவு மொத்தமும் முற்றத்தில் மண்டியிட்டிருந்தது. என்னை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தார்கள். அப்பா திரையை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தார். தாடியில் இவ்வளவு நரை போன வருஷம் இல்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது பொய் இல்லை, அதை நான் எங்கேயும் சொல்வேன்.

அரண்மனைச் சமையல் அறையிலிருந்தே கஞ்சி கொண்டுவந்திருந்தார்கள்.

"அம்மாடி, ரெண்டு வாய் சாப்பிடு. எனக்காக."

"மகாராஜா மன்னிக்கணும். அவர் போன பிறகு எனக்குச் சோறு இறங்கலை."

"அப்பா சொல்றேன். சாப்பிடு."

"மன்னிக்கணும்."

சரியாகச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். கிண்ணம் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கஞ்சியின் மேல் ஆடை கட்டத் தொடங்கியது தெரிந்தது. முற்றத்தில் யாரோ இருமினார்கள். நான் காத்திருந்தேன்.

அப்பா எழுந்துவிட்டார்.

"என் பொண்ணோட மனசு எனக்குப் புரியுது" என்றார். என்னிடம் இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு குறிப்பு எழுதுகிறவர் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ. நான் ரெண்டு தடவை சொன்னேன். மறுத்துட்டா" என்றார்.

முற்றத்தில் எல்லோரும் ஓவென்று அழுதார்கள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினான்காம் நாள்

அவருக்கு வயதாகிறது. எத்தனை முறை சொன்னோம் என்பது மறந்திருக்கும். திரும்பிப் போகும் வழியில் ஞாபகம் வந்திருக்கும், இன்று ஆள் அனுப்புவார்.

யாரும் வரவில்லை. நாளைக்கு அனுப்புவார்.

பதினைந்தாம் நாள்

இன்று எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

காலையில் துணி மூட்டையோடு ஒக்சிம் என் அறைக்குள் நுழைந்துவிட்டாள். காவல் பெண்கள் விரட்டினார்கள். "துணி அடுக்க வந்தேன், கண்ணு தெரியலையா?" என்று அவர்கள் மேல் விழுந்தாள். பெட்டிக்குப் பின்னால் குனிந்து துணி அடுக்குகிற சாக்கில் மெதுவாகப் பேசினாள்.

"அரண்மனை வாசல்ல உக்காந்திருந்தாங்களே முந்நூறு பேர், எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்களாம். இப்படி ஒரு பொண்ணைப் பெத்த வம்சத்தை இனிமே குறை சொல்ல வாய் வராதுன்னு மனுவைத் திரும்ப வாங்கிட்டாங்களாம்."

"எப்போ?"

"மகாராஜா இங்க வந்துட்டுப் போனாரே, அன்னைக்குச் சாயங்காலமே."

அவள் துணி அடுக்கி முடிக்கும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா மறக்கவில்லை. ரெண்டு தடவை என்று அவர் வாயாலேயே எண்ணிச் சொன்னார். நேற்று இதே ஏட்டில் மறதி, வயது என்று நான் எழுதியது பொய். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குப் பட்டம் வேண்டும், அதற்கு ஒரு கிண்ணம் கஞ்சி குறுக்கே நின்றது. அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. பாவி மனுஷன், என் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணியிருக்கிறார்.

எழுந்தேன். காவல் பெண்கள் என்ன என்ன என்று கூடவே எழுந்தார்கள். "தள்ளுங்க" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். முற்றத்தில் அந்த வாசல் மரங்கள் சாயம் காய்வதற்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நல்ல மரம். சமையல் கட்டு அதற்கும் அந்தப் பக்கம். இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷத்தில் நான் அங்கே காலடி வைத்ததில்லை.

வேலைக்காரிகள் பார்லிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் விறைத்துப்போனார்கள். அவர்களில் ஒருத்தியின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒக்சிம் பின்னாலேயே ஓடிவந்து சோற்றில் வெந்நீர் ஊற்றிக் குழைத்தாள். "மெதுவா, மெதுவா, வயிறு பிடிச்சுக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டேன். ஆறிப்போன பார்லிச் சோறு, ஒரு துண்டு முள்ளங்கி. நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன், இந்த முறை யாரும் நேரம் சொல்லவில்லை.

அத்தை வந்து வாசற்படியில் நின்றார். "ஐயோ, இன்னும் ரெண்டு மூணு நாள்தானே..." என்று ஆரம்பித்தவர், சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அத்தை, எனக்குச் சாக இஷ்டமில்லை" என்றேன். "அன்னைக்கும் இல்லை. ரோஷத்துல கஞ்சியைத் தள்ளிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அவரை நினைச்சு அழறேன், அது நிஜம். ஆனா சாக மாட்டேன்."

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் குதிரைக்காரனைக் கூப்பிட்டு அரண்மனைக்கு விரட்டுவது வெளியே கேட்டது.

மதியத்துக்குள் அரண்மனையிலிருந்து கொ என்கிற பெரியவர் வந்துவிட்டார். என்னைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்த அந்தப்புர அதிகாரி. மூச்சு வாங்க, கையில் மஞ்சள் பட்டில் சுற்றிய ஓலையோடு வந்தார். முற்றத்தில் எல்லோரும் மண்டியிட்டோம். பிரித்துப் படித்தார். மகாராஜா மூன்றாவது முறையாக இளவரசியைச் சாப்பிடச் சொல்கிறார், இது கட்டளை.

படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இளவரசிம்மா, ஒரே ஒரு வார்த்தை. ஓலை வந்த பிறகு சாப்பிட்டதா எழுதிக்கிறேன். மகாராஜாவோட கட்டளைக்காகப் பட்டினியை விட்டீங்கன்னு ஆகிடும். உங்களுக்கும் மரியாதை, அவருக்கும் மரியாதை."

"முன்னாடின்னு எழுதினா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "முன்னாடின்னா புருஷன் துக்கத்துல பசி தாங்காம சாப்பிட்டவங்கன்னு ஆகும். ஊருக்குப் போன முந்நூறு பேரும் மறுபடி வந்து உக்காருவாங்க. அரண்மனைக் கதவு உங்களுக்கு இனிமே திறக்காது. உங்க அம்மாவைப் பார்க்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க, கண்ணு. ஒரு வார்த்தைதானே."

யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன், நிஜமாகவே யோசித்தேன். அம்மாவின் அறையை நினைத்தேன். 'பிறகு' என்று சொன்னால் எல்லோரும் பிழைத்துப்போவார்கள். அப்பா என்னைக் காப்பாற்றிய அப்பா ஆகிவிடுவார்.

"முன்னாடி" என்றேன். "அவர் சொல்றதுக்கு முன்னாடி. பசிச்சது, சாப்பிட்டேன். அப்படியே எழுதுங்க."

கொ தூரிகையை மையில் தோய்க்கவே இல்லை. அவர் கை அசையாததைப் பார்த்து நானே தூரிகையை வாங்கி அவருடைய தாளிலேயே பெண்கள் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பதினேழாம் நாள்

அரண்மனையிலிருந்து ஆள் வந்து என்னுடைய பல்லக்கையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். முந்நூறு பேரும் திரும்ப வந்து பாய் விரித்துவிட்டார்களாம். மாமனார் என் முகத்தில் விழிப்பதில்லை. அம்மாவுக்கு எழுதிய கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது. மறுமணம் என்கிற பேச்சே எனக்குக் கிடையாது, பிறந்த வீடும் போயாயிற்று. இந்தச் சுவர்களுக்குள், என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிற இவர்களோடு, இன்னும் நாற்பது வருஷமோ ஐம்பது வருஷமோ.

காலையில் அத்தையே கஞ்சி கொண்டுவந்தார். ஒரு வார்த்தை பேசாமல் முன்னால் வைத்தார். முதல் முறையிலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.